நிற்கிற வீட்டுக்கு நஷ்டஈடு

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாடீன் சைக்ஸ் வீட்டுக்கு வந்தபோது முன்கதவு திறக்கவில்லை. பூட்டில் சாவி திரும்பியது. கதவுதான் நிலையோடு இறுகிப் போயிருந்தது. தோளால் ஒருமுறை இடித்துப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனாள்.

ஹார்லன் வடக்குச் சுவரோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காதில் தச்சன் பென்சில். சுவரில் படிக்கட்டு போல் ஏறிப் போகும் விரிசலின் நுனியில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே அதே மாதிரி பதினேழு கோடுகள் இருந்தன.

"முன்கதவும் போச்சா?" என்றான், திரும்பாமலே.

"போச்சு. உன் காது மட்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஒரு வெரக்கடை இறங்கியிருக்கு இந்த மாசம். வந்து பாரு."

"நான் ஒண்ணும் பாக்க வேணாம். குளிக்கிற அறையில நின்னா சோப்பு தானா நகருது. அது போதும் எனக்கு."

புரூக்ஸ்வில்லுக்கு மேற்கே அந்த மண் சந்தில் மொத்தம் இரண்டே வீடுகள். ஒன்று இவர்களுடையது. ஹார்லன் தன் கையால் கட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் வெல்டா பர்விஸ் வீடு. அந்த வட்டாரமே மேலே மணல், நடுவில் களிமண், கீழே அரித்துப்போன சுண்ணாம்புக்கல். கல்லுக்குள் குகையும் தண்ணீருமாக ஓடும். மேல் மண் எங்கேயாவது அதற்குள் வடிந்துகொண்டே இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் தரை வாயைத் திறக்கும்; அதுதான் புதைகுழி. ஹார்லன் முப்பத்தோரு வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தவன். கல்லின் குணம் அவனுக்குத் தெரியும். கல் அவன் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் இருந்தது. பேசினால் மூச்சு விசிலடிக்கும்.

விரிசல் வந்த வருஷமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். கம்பெனி ஒரு இன்ஜினியரை அனுப்பியது. அவர் ஆட்கள் முற்றத்தில் மூன்று துளை போட்டார்கள், எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள், போனார்கள். நாற்பது நாள் கழித்துத் தடித்த உறை வந்தது. களிமண் வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு விரிகிறது, கட்டுமானமும் சரியில்லை, புதைகுழிக்கான அறிகுறி எதுவும் இல்லை, ஆகவே நஷ்டஈடு கிடையாது. கட்டுமானம் சரியில்லை என்ற வரியை ஹார்லன் பல நாள் வாய்விட்டுப் படித்தான். நாடீன்தான் அந்தத் தாளைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

எங்கள் பக்கம் அப்போது நெடுஞ்சாலை முழுக்க வக்கீல்களின் விளம்பரப் பலகைதான். வீடு விரிசல் விட்டதா, கம்பெனி கைவிரித்ததா, கூப்பிடுங்கள், ஜெயித்தால்தான் கூலி. அப்படி ஒரு பலகையைப் பார்த்துத்தான் இலியானா பெர்தோமோவிடம் போனார்கள். தாம்பா நகரத்துக்காரி, கியூபாவிலிருந்து வந்த குடும்பம். ஸ்பிரிங் ஹில்லில் நகப்பூச்சுக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே அவள் ஆபீஸ். இரண்டு வருஷமாக அவள்தான் வழக்கைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏப்ரலில் ஒரு நாள் இருவரையும் வரச் சொன்னாள்.

"உள்ளதைச் சொல்லிடறேன் மிஸ் நாடீன்," என்றாள். எங்கள் பக்கம் வயதான பெண்ணை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "கம்பெனி இன்ஜினியர் களிமண்ணுங்கறார். நம்ம இன்ஜினியர் கல்லுல ஓட்டை இருக்கு, மண்ணு அதுக்குள்ள இறங்குதுங்கறார். இனி அரசாங்கப் பட்டியல்லேர்ந்து நடுவர் ஒருத்தர் வந்து பார்ப்பார். அவர் நம்ம பக்கம் சொன்னாலும் கம்பெனி கோர்ட்டுல இழுக்கலாம். போன வருஷம் சட்டத்தையும் அவங்களுக்குத் தோதா மாத்திட்டாங்க."

"எவ்வளவு நாளாகும்?" என்றான் ஹார்லன்.

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

"டாக்டர் எனக்கு அவ்வளவு குடுக்கலியே," என்றான், மழை எப்போது வரும் என்று சொல்லுகிற மாதிரி. பிறகு பாலிசித் தாளில் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினான். "பெருஞ்சரிவுன்னு இங்க ஒண்ணு போட்டிருக்கே, அது என்னது?"

"அது வேற கணக்கு. தரை திடீர்னு உள்வாங்கணும். பள்ளம் வெறுங்கண்ணுக்குத் தெரியணும். அஸ்திவாரம் உடையணும். கவுண்டி அரசாங்க ஆளு வந்து இங்க யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு கதவுல சிவப்புத் தாளு ஒட்டணும். இந்த நாலும் சேர்ந்தா அவங்களால வாயைத் திறக்க முடியாது."

"அப்ப எத்தனை நாளுல குடுப்பான்?"

இலியானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குப் புரியல மிஸ்டர் ஹார்லன். புரியவும் வேண்டாம். இதை இதோட விட்டுடுங்க."

திரும்பும் வழியில் ஹார்லன் டிரக்கை மெதுவாக ஓட்டினான். ரொம்ப நேரம் கழித்துச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி அடங்க இரண்டு மைல் ஆனது.

"நிக்கிற வீட்டுக்குக் குடுக்க மாட்டானாம். விழுந்த வீட்டுக்குக் குடுப்பானாம்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் நாடீன்.

அந்த வசந்தத்தில் மழையே இல்லை. கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. பால்மெட்டோப் புதர்கள் பழுப்பேறி, நடந்தால் காலடியில் நொறுங்கின. மே முதல் வாரம், நாடீன் வேலையிலிருந்து திரும்பும் நேரமெல்லாம் போர்வெல் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் அவள் கவனிக்கவில்லை. துணி உலர்த்தப் போனவள் பச்சை ரப்பர் குழாய் புல்லில் கிடப்பதைப் பார்த்துப் பின்னாலேயே போனாள். வீட்டின் வடகிழக்கு மூலையில் ஹார்லன் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் அடித்து இறக்கியிருந்தான். ரப்பர் குழாயின் வாய் அதற்குள் சொருகியிருந்தது. தண்ணீர் முழு வேகத்தில் உள்ளே போனது. ஒரு சொட்டுக்கூட மேலே பொங்கவில்லை.

அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப ஆழத்தில் கடகடவென்று சத்தம்.

ஹார்லன் பின்னால் வந்து நின்றான். "ஆரஞ்சுக் கன்னு வைக்கலாம்னு."

"எங்க கன்னு?"

அவன் குனிந்து ரப்பர் குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே சொருகினான்.

"எத்தனை நாளா ஓடுது?"

"ஒம்பது நாளு."

"ஹார்லன், அந்தப் பக்கம் வெல்டா வீடு."

"அடியில கல்லோட சரிவு நம்ம பக்கம். முப்பத்தோரு வருஷம் இந்தக் கல்லைப் பிளந்தவன்கிட்ட நீ சொல்றியா? போறதுன்னா நம்ம படுக்கை அறைதான் முதல்ல போகும். நாம பகல்ல வெளிய இருப்போம். ராத்திரி டிரக்குல படுத்துக்கலாம். கொஞ்ச நாளு." அவன் மூச்சு வாங்கினான். "நான் போனப்புறம் இந்த ஓட்டை வீட்டை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே? யாரு வாங்குவா இதை? பள்ளிக்கூடத்துல பட்டாணி அவிச்சே சாகப் போறியா?"

அவள் கையை நீட்டினால் வால்வு எட்டும். அவள் கையில் ஈரத் துணி இருந்தது. அதை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே போய் சுவரில் மாட்டியிருந்த பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிச் செய்தித்தாளில் சுற்றினாள். கல்யாணப் போட்டோ, இரும்பு வாணலிகள், பத்திரங்கள், தையல் மிஷின் எல்லாம் அந்த வாரத்துக்குள் பின்பக்கக் கொட்டகைக்குப் போயின. தையல் மிஷினைத் தூக்கும்போது ஹார்லன் ஒரு முனையைப் பிடித்தான்.

சனிக்கிழமை வெல்டாவைப் பார்க்கப் போனாள். வெல்டாவுக்கு எழுபத்தொன்று. ஐம்பதாம் நம்பர் ரோட்டோரம் குடை நட்டு, பெரிய கொப்பரையில் பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்து விற்பாள். போகிற வருகிற லாரிக்காரர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். புருஷன் லீலண்ட் செத்து இரண்டு வருஷம்.

"வா கண்ணு. இந்த வெயில்ல நடந்தா வந்தே? உக்காரு," என்று ஒரு கரண்டி கடலையைக் காகிதப் பையில் போட்டு நீட்டினாள். "உங்க கேஸு என்னாச்சு? அந்த வக்கீலம்மா ஏதாச்சும் கிழிச்சாளா?"

"இழுக்குது."

"நல்ல வேளை எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. லீலண்ட் இருந்தவரைக்கும் இன்சூரன்ஸ் கட்டினோம். அவரு போனப்புறம் மருந்தா இன்சூரன்ஸான்னு வந்துச்சு. மருந்துன்னுட்டேன். என் வீட்டுல ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. லீலண்ட் அங்க இருக்கறப்ப வீடு எப்படி அசையும்?"

நாடீன் கடலைத் தோலை உரித்தாள். உப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"ஓகாலா ஊருல உன் தங்கச்சி இருக்காளே. ஒரு பத்து நாளு போய் இருந்துட்டு வாயேன் வெல்டா."

"அவ வீட்டுல ஏழு பூனை. ஏழும் என் மேல ஏறிப் படுக்கும். எதுக்கு, என்னை அனுப்பிட்டு என் கொய்யாவைப் பறிக்கவா?"

"சும்மா சொன்னேன். வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு."

"வெயிலு ஓகாலாலயும் அடிக்குது." வெல்டா கொப்பரையைக் கிளறினாள். "உனக்கு முகமே சரியில்ல. நல்லாச் சாப்பிடு. அந்த மனுசனுக்கும் கொண்டு போ, நெஞ்சுக்கு நல்லது."

நெஞ்சுக்கு நல்லதோ இல்லையோ, நாடீன் கொண்டு போனாள். ஹார்லன் சாப்பிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போன் வந்தது. நாடீன் மாவுக் கையோடு எடுத்தாள்.

"விழுந்திருச்சு," என்றான் ஹார்லன்.

அவள் முதலில் மூச்சு விட்டாள். அது நிம்மதி என்று அவளுக்கே தெரிந்தது. "எந்த அறை?"

அந்தப் பக்கம் விசில் மட்டும் கேட்டது. "வா நீ," என்று வைத்துவிட்டான்.

சந்தின் முனையில் தீயணைப்பு வண்டிகள் மறித்து நின்றன. நாடீன் காரை விட்டுவிட்டு நடந்தாள். தன் வீட்டுக் கூரைதான் முதலில் தெரிந்தது. நேராக, முழுசாக. அதற்கு அப்பால் வெல்டா வீட்டின் முன்பாதி மட்டும் நின்றது. பின்பாதி இருந்த இடத்தில் வட்டமாக, கத்தியால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம். விளிம்பிலிருந்து மணல் சரிந்துகொண்டே இருந்தது. கொய்யா மரம் தலைகீழாக உள்ளே நின்றது. அடியில் பால் மாதிரி கலங்கிய தண்ணீர்.

வெல்டா கடலைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு தீயணைப்பு வீரனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள லீலண்ட் இருக்காரு. என் புருசன். படுக்கை அறையில இருக்காரு."

அந்த வார்த்தை ஆளுக்கு ஆள் பறந்தது. நான்கு பேர் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒருவன் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டான். ஏணியைத் தரையில் படுக்கப் போட்டு அதன்மேல் வயிற்றால் ஊர்ந்தான். பாதி தூரம் போனதும் ஏணியின் நுனி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள்.

"கட்டில்லயா இருக்காரு அம்மா?" என்று தலைவன் கத்திக் கேட்டான். "நடக்கக்கூடியவரா?"

"கட்டில்ல இல்ல. கண்ணாடிக்குப் பக்கத்துல, அலமாரி மேல."

"அலமாரி மேலயா?"

"நீல டப்பாவுல இருக்காரு. மூடி டேப்பு போட்டு ஒட்டியிருக்கேன், கொட்டாது."

தலைவன் ஏணியில் கிடந்தவனைத் திரும்பி வரச் சொல்லிக் கையைக் காட்டினான். அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். இளவயசு. "சாம்பலுக்காகவா என்னைச் சாகக் குடுக்கப் பாத்தே, கிழவி," என்றான். யாரும் அவனை அடக்கவில்லை.

"அலமாரி இன்னும் தெரியுது. அதோ," என்றாள் வெல்டா. எல்லோரும் பார்த்தார்கள். உண்மையில் தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து இன்னொரு துண்டு கழன்று, அலமாரி, கண்ணாடி, நீல டப்பா எல்லாமாக மெதுவாக இறங்கின. பெரிய சத்தம்கூட வரவில்லை.

வெல்டா நாடீனைப் பார்த்தாள். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மேலெல்லாம் உப்புத் தண்ணீர் வாசம்.

மத்தியானம் ஹார்லன் இரும்புக் குழாயைப் பிடுங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டான். ஓட்டையில் மண்ணை நிரப்பி மிதித்தான். "கல்லுச் சரிவைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்," என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு நாடீன் மடவை மீன் பொரித்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முள் எடுத்துச் சாப்பிட்டார்கள். தனக்குப் பசிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பசித்தது.

கவுண்டிக்காரர்கள் வெல்டா வீட்டு முன்கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். இவர்கள் வீட்டில் மஞ்சள்: எச்சரிக்கை மட்டும், குடியிருக்கலாம். மூன்றாம் நாளே கம்பெனியின் வேறொரு இன்ஜினியர் வந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்று போட்டோ எடுத்தார். எலுமிச்சை ஜூஸ் வேண்டாம் என்றார். நாற்பதடி தள்ளிப் பூமி பிளந்து கிடக்கும்போது களிமண் சுருங்கிற்று என்று எந்த ஜூரியிடமும் சொல்ல முடியாது. இரண்டே வாரத்தில் இலியானாவுக்குச் சமரசக் கடிதம் வந்தது. கேட்டதில் முக்கால்வாசி தருவதாக.

அதைக் கேள்விப்பட்ட வெல்டா சந்தோஷப்பட்டாள். அவள் அப்போது சர்ச் வளாகத்தில், யாரோ கொடுத்த பழைய டிரெய்லர் வீட்டில் இருந்தாள். "உன் வக்கீலம்மா கெட்டிக்காரி. என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போ கண்ணு. எனக்கும் ஏதாச்சும் வழி சொல்லுவா," என்றாள். மாட்டேன் என்று சொல்ல நாடீனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனாள்.

இலியானா வெல்டாவுக்குக் காபி கொடுத்தாள். பொறுமையாகக் கேட்டாள்.

"பாலிசி இல்லேன்னா கம்பெனி மேல கேஸே இல்ல மிஸ் வெல்டா. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஒரே ஒரு வழிதான். யாராவது செஞ்ச காரியத்தால குழி விழுந்திருந்தா அவங்க மேல போடலாம். சுரங்கத்துல வெடி வெச்சது, கவுண்டித் தண்ணிக் குழாய் உடைஞ்சது, அந்த மாதிரி. பக்கத்துல எங்கயாவது தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"அந்தச் சந்துல நாங்க ரெண்டு வீடுதான். கவுண்டித் தண்ணியே கிடையாது." வெல்டா யோசித்தாள். "இவங்க பம்பு ஓடும். வசந்தம் பூரா ராவும் பகலும் ஓடிச்சு. நல்ல சத்தம், எனக்கு அதைக் கேட்டாத்தான் தூக்கமே வரும். தோட்டத்துக்கு விடறாங்கன்னு நினைச்சேன். இல்ல நாடீன்?"

எழுதிக்கொண்டிருந்த இலியானாவின் பேனா நின்றது. அவள் நாடீனைப் பார்க்கவில்லை. நாடீன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நகக் கடையில் யாரோ சிரித்தார்கள்.

இலியானா எழுதின தாளைக் கிழித்து நான்காக மடித்தாள். "இதுக்கு மேல நான் உங்ககிட்டப் பேசக் கூடாது மிஸ் வெல்டா. நான் மிஸ் நாடீனோட வக்கீல். நீங்க வேற யாரையாவது பாருங்க."

"யாரைப் பாக்க?"

"அதையும் நான் சொல்லக் கூடாது."

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்ல. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

காரில் வெல்டா வாய் ஓயவில்லை. "படிச்சவங்க இப்படித்தான். காசு இல்லாத கேஸுன்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறுது பாரு. உன்கிட்ட மட்டும் நல்லா இருக்காளே, அது போதும்." நாடீன் அவளை டிரெய்லரில் இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"மிஸ் நாடீன், சமரசத்துல ஒரு உறுதிமொழி இருக்கு," என்றாள் இலியானா. குரலில் முன்பிருந்த ஒட்டுதல் இல்லை. "சேதத்துக்கு நாங்க எந்த விதத்துலயும் காரணமில்லேன்னு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடணும். பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சா அதை நான் அனுப்ப முடியாது. எனக்கு எதுவும் தெரியாது. நீங்க என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

ஹார்லன் நாற்காலியில் சாய்ந்து ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்திருந்தான். அந்த வாரம்தான் டாக்டர் அதைக் கொடுத்திருந்தார். அவன் கண் இவள் மேலேயே இருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றாள் நாடீன்.

"சரி. வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை ஹார்லன் முதலில் கையெழுத்திட்டான். அவள் அடுத்ததாக. தன் பெயருக்கு எத்தனை எழுத்து என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. இலியானா இருவருக்கும் கை கொடுத்தாள். வாசல் வரை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வெல்டா வந்தாள். லீலண்டின் பழைய டிரக்கில் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்து, நாடீன் வீட்டு முற்றத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். இறங்குவதற்கே நேரம் பிடித்தது.

"சர்ச்சுல ஞாயித்துக்கிழமைக்கு இடம் வேணுமாம், கார் நிறுத்த. கௌம்பச் சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க." அவள் மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். "உன் ஓக் மரத்துக்கிட்ட அவ்வளவு இடம் சும்மா கிடக்கு. அங்க நிறுத்திக்கறேனே. கரண்டுக்கு ஒரு ஒயரு குடுத்தாப் போதும். தண்ணி ரெண்டு வாளி. எனக்கு இங்கேருந்து அந்தக் குழியைப் பாத்துக்கிட்டு இருந்தா லீலண்டுகிட்ட இருக்கற மாதிரி இருக்கும். ஹார்லனையும் நான் பாத்துக்குவேன், நீ வேலைக்குப் போறப்ப."

மேற்குப் பக்கம் தரை கல் மாதிரி. இலியானா அனுப்பிய இன்ஜினியரே துளை போட்டுப் பார்த்து அங்கே லாரியே நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்திலிருந்து சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது ஒவ்வொரு நாளும் வெல்டா அங்கே உட்கார்ந்திருப்பாள். கையசைப்பாள்.

"முடியாது வெல்டா," என்றாள் நாடீன். "கையெழுத்துப் போட்ட தாளுல இருக்கு. கம்பெனி ஆளுங்க தரைக்கடியில ஓட்டையை அடைக்க சிமெண்டு இறக்கி முடிக்கறவரைக்கும் இந்த நிலத்துல வேற யாரும் தங்கக் கூடாதாம்."

தாளில் அப்படி ஒரு வரி கிடையாது.

"அப்படியா போட்டிருக்கான்?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"தாளுல இருந்தா நீ என்ன பண்ணுவே பாவம்." வெல்டா அவள் கன்னத்தைத் தட்டினாள். "இதுக்குப் போய் ஏன் கண்ணு மூஞ்சியை இப்படி வெச்சுக்கறே? ஏழு பூனை இருக்கவே இருக்கு. ஓகாலாக்கே போறேன்."

டிரக்கில் ஏறினாள். திருப்புவதற்கு இடம் இல்லை. பின்னாலேயேதான் போக வேண்டும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எனக்குக் கழுத்து திரும்பாது. பின்னாடி நின்னு கொஞ்சம் சொல்லேன்."

நாடீன் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். "வா," என்றாள். "இன்னும் வா. கொஞ்சம் இடது பக்கம். வா, வா." பள்ளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை உரசாமல், வேலியில் இடிக்காமல், சந்தின் முனை வரைக்கும் பின்னாலேயே நடந்து, டிரெய்லரைப் பத்திரமாகத் தார்ச்சாலையில் ஏற்றிவிட்டாள்.